பயனர் எண் ஒன்று

மதியம் ஒன்று நாற்பதுக்கு நிதானத்தின் மடிக்கணினி டொங்கென்று ஒரு சத்தம் போட்டது. காலை ஒன்பது மணியிலிருந்து அந்த ஒரு சத்தத்துக்காகத்தான் மூன்று பேர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் அது நிஜமாகவே வந்தபோது யாருக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத் திருதிருவென்று விழித்தார்கள். அப்புறம் பட்டாசு வெடித்தாள். "வந்துடுச்சுடா! யாரோ வேலைய எடுத்துட்டாங்கடா!" என்று கத்திக்கொண்டே நாற்காலி மேல் ஏறிவிட்டாள். மூன்று கால் சொந்தமாகவும் ஒரு கால் சணல் கட்டியும் நின்ற நாற்காலி அது. அதற்கு ஆயுசு கெட்டி, தப்பித்தது.

பட்டாசு என்பது அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் விழுந்த பெயர். கல்லூரியின் கடைசிப் பருவம் வரைக்கும் கூடவே வந்துவிட்டது. மெதுவாகப் பேசச் சொன்னால் அவளுக்குத் தொண்டை வலிக்கும். அவளுடைய விடுதி அறைத்தோழிக்குப் பெயர் சுவரொட்டி. ஒரு வாரமாகக் கல்லூரியில் ஒரு தூணை விடாமல், ஒரு கதவை விடாமல், கழிப்பறைச் சுவரைக்கூட விடாமல் 'ஒரு கை' என்று அச்சடித்த தாளை ஒட்டித் தள்ளியவள் அவள். மூன்றாமவன் நிதானம். செயலி முழுவதையும் ஒற்றை ஆளாக எழுதியவன். தீப்பிடித்துவிட்டது என்று யாராவது அலறினால், எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டு உட்கார்ந்து யோசிக்கிற ரகம். மூவரும் உட்கார்ந்து வேலை பார்த்தது நூலகத்துக்குப் பின்னால், உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைக்கிற அறையில். காவலாளியிடம் கெஞ்சி வாங்கிய இடம்.

'ஒரு கை' என்பதுதான் செயலியின் பெயர். படிக்கிற பிள்ளைகள் தங்களுக்கு வேண்டாததை அதில் விற்கலாம், வேண்டியதை வாங்கலாம். ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டுச் சில்லறை வேலைகளை அதில் போடலாம். அலமாரியை நகர்த்த வேண்டும், நாயை நடக்கக் கூட்டிப்போக வேண்டும், மகளுக்குக் கணக்குச் சொல்லித்தர வேண்டும், இப்படி. பக்கத்தில் இருக்கிற மாணவர் யாராவது 'நான் வர்றேன்' என்ற பொத்தானை அழுத்திவிட்டுப் போய்ச் செய்துகொடுப்பார். முடிந்ததும், வேலை கொடுத்தவர் 'முடிந்தது' என்று அழுத்த வேண்டும். அவ்வளவுதான் சங்கதி. இந்த அவ்வளவுக்காக எட்டு மாதம் மூன்று பேரும் தூக்கம், இரண்டு தேர்வு, ஒரு காதல் என்று எதையெதையோ கோட்டை விட்டிருந்தார்கள். காதல் சுவரொட்டியுடையது. அவள் அதற்காகப் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை.

புதுத்தொழில் தொடங்குகிற மாணவர்களுக்கென்று கல்லூரி ஒரே ஓர் அறையை ஒதுக்கியிருந்தது. ஜன்னல் உண்டு, மேசை உண்டு, ஒரு வருஷத்துக்கு வாடகை கிடையாது. அதற்கு இரண்டு குழுக்கள் போட்டி. எதிர்க்குழுவின் செயலி விடுதிச் சாப்பாட்டுக்கு மதிப்பெண் போடுவது. திட்டுவதற்கு ஆள் பஞ்சமா? முதல் நாளே அறுநூறு பேர் சேர்ந்துவிட்டார்கள். தேர்வுக் குழுவின் தலைவியான பேராசிரியை 'ஒரு கை'யைப் பொறுமையாகத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எத்தனை பேர் டவுன்லோட் பண்ணாங்கங்கறது எனக்கு வேண்டாம். ஒரே ஒரு வேலை காட்டுங்க. தேவைப்பட்டவர் தானா கேட்டிருக்கணும். முன்பின் தெரியாத ஒருத்தர் போய்ச் செஞ்சு முடிச்சிருக்கணும். உங்க கை அதுல படவே கூடாது. வெள்ளிக்கிழமை நாலு மணி வரைக்கும் டைம்."

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. பட்டாசுக்கு இன்னொரு கெடுவும் இன்றைக்குத்தான். ஒரு காப்பீட்டு நிறுவனம் அவளுக்கு வேலை தருவதாகக் கடிதம் அனுப்பி மூன்று வாரமாகிறது. அறை கிடைத்தால் உன் இஷ்டம், கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை மறுபேச்சுப் பேசாமல் அதில் கையெழுத்துப் போடு என்று அப்பா சொல்லியிருந்தார். அவளும் சரி என்று வாக்குக் கொடுத்திருந்தாள். கொடுத்த வாக்கை மாற்றுவது அந்த வீட்டில் வழக்கமில்லை. அந்தக் கடிதத்தை நினைத்தாலே அவளுக்கு யாரோ தலையில் ஈரத்துணியைப் போட்ட மாதிரி இருந்தது.

காலையிலிருந்து நடந்தது வேடிக்கைதான். மதியத்துக்குள் இருநூற்றுப் பதினான்கு பேர் சேர்ந்துவிட்டார்கள். அத்தனை பேரும் மாணவர்கள், அத்தனை பேருக்கும் வேலை வேண்டும். வேலை கொடுப்பதற்கு ஒரு ஜீவன் இல்லை. சந்தைப் பக்கம் முப்பத்தொரு பொருள் விற்பனைக்கு வந்திருந்தது. ஒரு வாளி (லேசான விரிசல், பாதி வரை தண்ணீர் நிற்கும்), ஒரு கால்குலேட்டர் (ஏழு மட்டும் வேலை செய்யாது), யாரோ ஒருவன் முதலாண்டில் வாங்கித் திறந்தே பார்க்காத இயற்பியல் புத்தகம். பருவக் கடைசியில் எவன் கையில் காசு இருக்கிறது? விற்கிறவன் எல்லாம் கூடிக்கூடி வாங்குகிறவன் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தான். மூவரும் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில்தான் டொங்.

"யாரு போட்ட வேலை, படிடா" என்றாள் பட்டாசு, நாற்காலி மேலிருந்தபடியே.

"பரண் சுத்தம் பண்ணணும். நாலாம் மாடி. எடுத்திருக்கிறது ஒரு முதலாண்டுப் பொண்ணு" என்று நிதானம் படித்தான். பிறகு ஒரு தடவை மூக்கைச் சொறிந்துகொண்டான். "போட்டவர் பயனர் எண் ஒன்று."

சுவரொட்டி குதித்துக்கொண்டே இருந்தாள். பட்டாசு மட்டும் நாற்காலியிலிருந்து மெதுவாக இறங்கினாள். அவள் எதையாவது மெதுவாகச் செய்து யாரும் பார்த்ததில்லை, அதனால் இருவருக்கும் பயம் வந்துவிட்டது.

பயனர் எண் ஒன்று, அதாவது தங்கள் மூவரைத் தவிர முதலில் பதிவான வெளியாள், அவளுடைய அப்பா. நான்கு மாதத்துக்கு முன்னால், செயலி வேலை செய்கிறதா என்று பார்க்க வேறொரு தொலைபேசி எண் தேவைப்பட்டது. வார இறுதிக்கு வீட்டுக்குப் போயிருந்தவள் அப்பாவின் தொலைபேசியைக் கேட்டாள். எதற்கு என்று கேட்காமல் கொடுத்தார், வந்த ரகசிய எண்ணையும் அவரே உரக்க வாசித்தார். மாதிரிக்கு ஒரு வேலை எழுத வேண்டுமே என்று வாய்க்கு வந்ததை எழுதினாள். வாய்க்கு வந்தது பரண்தான், ஏனென்றால் அப்போதே இரண்டு மாதமாக அப்பா அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார், அவளும் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டிருந்தாள். இன்று காலை திறப்பதற்கு முன்னால் நிதானம் மாதிரி வேலைகளையெல்லாம் அழித்தான். தங்கள் மூன்று பேருடைய எண்களில் இருந்ததை ஒன்று விடாமல் துடைத்தான். நான்காவதாக ஓர் எண் இருந்தது மூவருக்குமே மறந்துபோயிருந்தது; பழைய வேலை என்பதால் அது பட்டியலின் அடியில் யார் கண்ணிலும் படாமல் கிடந்திருக்கிறது.

"வாய மூடிக்கிட்டு இருந்துடலாம்" என்றாள் சுவரொட்டி. "வீடு உண்மை, பரண் உண்மை, போற பொண்ணு உண்மை. அப்புறம் என்ன பொய்?"

"அப்பா தானா கேக்கலையே" என்றான் நிதானம். அவன் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. சும்மா சொன்னான். அதுதான் பட்டாசுக்குச் சுருக்கென்றது.

இந்த வாக்குவாதத்தில் கால் மணி நேரம் போன பிறகு அப்பாவைக் கூப்பிட்டாள். ஏழெட்டுத் தடவை மணி அடித்த பிறகு எடுத்தார். "ஏம்மா, இங்க ஒரு நெட்டைப் பொண்ணு வந்து நிக்குது. பரண் துடைக்கணுமாம். நீ அனுப்பினியா?" "அப்பா, அது வந்து—" "பாவம், வெயில்ல நாலு மாடி ஏறி வந்திருக்கு. தண்ணி குடுக்கறேன், இரு." வைத்துவிட்டார். பட்டாசு பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். பேருந்தில் உட்கார இடமிருந்தும் நின்றுகொண்டே போனாள், ஏதோ அதனால் வண்டி சீக்கிரம் போகும் என்பது மாதிரி.

அப்பா மின்தூக்கி பழுதுபார்ப்பவர். முப்பது வருஷமாகப் பதினான்கு மாடி, இருபது மாடிக் கட்டடங்களில் லிஃப்டுக்கு வைத்தியம் பார்த்தவர். அவர் குடியிருப்பதோ லிஃப்டே இல்லாத கட்டடத்தின் நான்காவது மாடி. இதைச் சொல்லிச் சிரிக்காத சொந்தக்காரர் இல்லை. பத்து வாரத்துக்கு முன்னால் முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்து விடுப்பில் இருந்தார். அம்மாவுக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் பகல் வேலை, ஆகவே பகலெல்லாம் வீட்டில் அவரும் வானொலியும்தான். தினமும் படியில் இறங்கி ஏறி நடக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். நடக்கறேன், நடக்கறேன் என்று தொலைபேசியில் தினமும் சொல்வார். போன வாரம் வந்தபோதுகூட அவருடைய கறுப்பு வேலைக் காலணிகள் கதவோரம் பளபளவென்று தயாராக நின்றதைப் பார்த்து, 'சபாஷ்ப்பா' என்று அவள் பாராட்டிவிட்டுப் போனாள்.

நான்கு மாடியையும் ஒரே மூச்சில் ஏறி உள்ளே போனால், வீடு கல்யாண வீடு மாதிரி இரைந்துகொண்டிருந்தது. முதலாண்டுப் பெண் ஏணியின் உச்சியில் பரணுக்குள் பாதி உடம்பை நுழைத்திருந்தாள். தலைமுடியெல்லாம் ஒட்டடை. அப்பா ஒரு கையால் கைத்தடியையும் மறு கையால் ஏணியையும் பிடித்துக்கொண்டு, சுரங்கம் தோண்டுகிற ஆளுக்குக் கட்டளை போடுகிற மாதிரிப் போட்டுக்கொண்டிருந்தார். "வலது பக்கம் அந்த டப்பாவ இழு. இழுக்காதே, தூக்கு! ஆங், அப்படி." "அங்கிள், இதுல எலி பேப்பர் எல்லாம் தின்னுட்டு நட்டு போல்ட்ட மட்டும் விட்டு வெச்சிருக்கு!" "அதுக்குப் பல்லு வலி போல." இரண்டு பேரும் கெக்கெக்கே என்று சிரித்தார்கள். அப்பா இப்படிச் சிரித்துக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று பட்டாசு யோசித்துப் பார்த்தாள். சரியாக நினைவில்லை.

இரண்டு ஐம்பதுக்குப் பரண் பளிச்சென்று ஆகிவிட்டது. நெட்டைப் பெண் இறங்கி முகம் கழுவி, கூலியை வாங்கிக்கொண்டு, "அக்கா, ஆப் சூப்பர்க்கா. மூணரைக்கு லேப் இருக்கு, வரேன்" என்று இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கிப் போய்விட்டாள்.  உண்மையை மேடத்திடம் சொல்லலாமா வேண்டாமா என்று பஸ்ஸில் பட்டாசு தனக்குள் போட்ட சண்டையெல்லாம் காற்றில் போய்விட்டது. ஒரு வேலை நடந்திருக்கிறது, தன் கண் முன்னால், நிஜமாக! அப்பாவின் தொலைபேசியை எடுத்து அவர் கையில் திணித்தாள். "அப்பா, இந்த 'முடிந்தது'ங்கறத மட்டும் அமுக்குங்க. நாலு மணிக்குள்ள காட்டணும். ப்ளீஸ்."

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையில் இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு தொலைபேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"நான் அமுக்க மாட்டேன்மா."

"ஏம்ப்பா?"

"இத நான் எழுதினேனா? நீ எழுதி, என் பேரப் போட்டிருக்கே."

"ஆறு மாசமா பரண், பரண்னு நீங்கதானே சொல்லிட்டிருந்தீங்க!"

"உன்கிட்ட சொன்னேன். ஊர்கிட்ட சொல்லலையே."

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஏன் வராது? எட்டு மாத உழைப்பு, ஒரு விரல் அழுத்தத்தில் நிற்கிறது, பெற்ற அப்பா மாட்டேன் என்கிறார். அந்தக் காப்பீட்டு வேலைக்கு அனுப்புவதற்காகத்தான் இப்படிச் செய்கிறாரோ என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. அதை வாய்விட்டே கேட்டும் விட்டாள்.  அப்பாவின் முகம் சின்னதாகிப்போனதைப் பார்த்ததும், கேட்டது எவ்வளவு பெரிய அபாண்டம் என்று அவளுக்கே தெரிந்தது. இந்த மனிதரின் குணம் அவளுக்குத் தெரியாதா? லிஃப்டைச் சரிசெய்து முடித்ததும், கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே என்று மூன்று தடவை தானே உள்ளே நின்று போய்வந்தால்தான் அட்டையில் கையெழுத்துப் போடுவார். ஒரு தடவை கீழே வந்து நின்றதும் 'ஒண்ணு' என்று கத்துவார், அடுத்தது 'ரெண்டு', அப்புறம் 'மூணு'. சின்ன வயதில் பள்ளி விடுமுறையில் அவளும் கூடப் போய் அந்தக் கத்தலைக் கேட்டிருக்கிறாள். அவசரமாகப் போட்டுக்கொடு என்று மல்லுக்கு நின்ற கட்டட முதலாளிகளை ஒரு நாள் முழுக்கக் காக்க வைத்த ஆள், மகளுக்காக மட்டும் மாற்றிப் போடுவாரா?

"சரிப்பா" என்றாள். குரல் உடைந்திருந்தது. "நான் மேடம்கிட்ட ஒண்ணும் நடக்கலைன்னு சொல்லிடறேன். திங்கட்கிழமை கையெழுத்துப் போடறேன்."

வாசல்வரை போனவளை, "இரு" என்று அப்பா கூப்பிட்டார். கவிழ்த்து வைத்த தொலைபேசியைத் திருப்பினார். "உங்க மேடம் என்ன கேட்டாங்கன்னு நீதானே சொன்னே? தேவைப்பட்டவன் தானா கேக்கணும். அவ்வளவுதானே? புதுசா போடறதுக்கு எங்க அமுக்கணும், வாயால சொல்லு. கிட்ட வராதே."

அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாள். அப்பா ஒற்றை விரலால் தட்ட ஆரம்பித்தார். ஒவ்வோர் எழுத்தாகத் தேடி, கண்டுபிடித்து, தப்பாக அழுத்தி, அழித்து, மறுபடி தேடி. கடிகாரம் மூன்று பத்தைத் தாண்டியது. அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. பிடுங்கித் தானே தட்டிவிடலாம் போல் விரல் துறுதுறுத்தது, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். கடைசியில் அனுப்பிவிட்டு அவர் தொலைபேசியை அவளிடம் காட்டினார். காட்டும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தார்.

'முழங்கால் ஆப்ரேசன். நாலு மாடி படி. கீழ எறங்கி மேல ஏற தோள் குடுக்க ஒரு ஆள் வேணும்.'

அவள் இரண்டு தடவை படித்தாள். "தினமும் போறேன்னு சொன்னீங்களே."

"ஆஸ்பத்திரிலருந்து ரெண்டு பேர் தூக்கிட்டு வந்து விட்டதுதான். அதுக்கப்புறம் வாசப்படி தாண்டல."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"அவகிட்டயும் போயிட்டு வந்தேன்னுதான் சொல்லி வெச்சிருக்கேன். அவ வர்றதுக்குள்ள ஷூவத் துடைச்சு இடம் மாத்தி வெப்பேன்." சொல்லிவிட்டு அவரே வெட்கமாகச் சிரித்தார். "மொதப் படியப் பார்த்தாலே கிறுகிறுங்குதும்மா. இருபது மாடி லிஃப்டுக் குழிக்குள்ள தொங்கினவன் நான். யார்கிட்ட போய்ச் சொல்றது?"

"நான் பிடிச்சிக்கறேன். வாங்க, இப்பவே வாங்க."

"நீ வேண்டாம்." பட்டென்று சொன்னவர், அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டார். "நீ பிடிச்சா உன்மேல பாரத்தப் போட மாட்டேன், வலிக்கலைன்னு நடிச்சுக்கிட்டே எறங்குவேன். உங்கம்மான்னாலும் அப்படித்தான். கூலிக்கு வந்த ஆளுன்னா நம்பி ஊனலாம். வலிச்சா ஐயோன்னு கத்தலாம்."

  பட்டாசுக்கு, எட்டு மாதமாகத் தாங்கள் செய்தது இன்னதென்று இன்றைக்குத்தான் தனக்கே தெரிகிற மாதிரி உடம்பெல்லாம் ஒரு புல்லரிப்பு ஓடியது. பையிலிருந்து அவளுடைய தொலைபேசி கூவியது. நிதானம். நிதானமே பதறிக்கொண்டிருந்தான். "உங்கப்பா மறுபடி ஏதோ போட்டிருக்கார், பார்த்தியா? நாப்பத்தோரு பேர் படிச்சிட்டாங்க." "தெரியும். நீயும் அவளும் அதத் தொடாதீங்க. விரல் பட்டுது, கொன்னுடுவேன்." "தொடல, தொடல. ஆனா யாரும் எடுக்கல. பரண் மாதிரி இல்லையே இது. கீழ விழுந்துட்டா என்ன பண்றதுன்னு பயப்படறாங்க போல." பின்னாலிருந்து சுவரொட்டி ஏதோ சாமிகளையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தது கேட்டது.

மூன்று இருபது. மூன்று இருபத்திரண்டு. அப்பாவும் மகளும் மேசைக்கு இரண்டு பக்கத்திலும் உட்கார்ந்து நடுவில் கிடந்த தொலைபேசியையே பார்த்தார்கள். "யாரும் வரமாட்டாங்கம்மா" என்றார் அப்பா. "கெழவனத் தூக்க எவன் வருவான்." அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அவளுக்கு அந்த நிமிஷம் அறையும் மறந்துபோனது, பேராசிரியையும் மறந்துபோனது. யாராவது ஒருத்தர், இந்த ஊரில் யாராவது ஒரே ஒருத்தர், இவருக்கு 'நான் வர்றேன்' என்று சொல்லிவிட வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

டொங்.

"எடுத்தாச்சு!" என்று அவள் கத்தியதில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. இரண்டாம் ஆண்டு மாணவர், இயற்பியல், ஒன்பது நிமிஷ தூரம். அவ்வளவுதான் திரையில் இருந்தது. அவன் கருப்பா சிவப்பா, எந்த ஊர்க்காரன், ஒன்றும் தெரியாது. அப்பா எழுந்து தலை சீவிக்கொண்டார். சட்டையை மாற்றினார். ஸ்டூலில் உட்கார்ந்து கறுப்புக் காலணிக்குள் காலை நுழைத்தார். வலது காலின் கயிற்றை மட்டும் குனிந்து கட்ட முடியவில்லை. அவள் தரையில் உட்கார்ந்து கட்டிவிட்டாள், அதற்கு மட்டும் விட்டார். பாதத்தைத் தூக்கியபோது அடிப்பாகம் அவள் கண்ணில் பட்டது. தெருவையே பார்க்காமல், கடையிலிருந்து வந்த மாதிரி இருந்தது.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. அப்பா விரலை உயர்த்தி அவளைப் பேசாமல் இருக்கச் சொன்னார். லிஃப்டுக் குழிக்குள் காதை வைத்துக் கேட்கிற அதே முகம். "ஒண்ணாவது மாடி. ரெண்டு. நிக்கல. மூணு." கொஞ்சம் இருந்து சொன்னார்: "மூச்சு வாங்கல. ஆளு கெட்டி."

கட்டையாக, தோள் அகன்ற ஒரு பையன். வணக்கம் சொல்லிவிட்டு, எந்தக் கால் என்று மட்டும் கேட்டான். அப்பாவின் வலப்பக்கம் போய் நின்று, "முழு வெயிட்டயும் போடுங்க சார், எங்க வீட்ல மாட்டையே தூக்குவேன்" என்றான். அப்பா தொலைபேசியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "திரும்பி வந்தப்புறம்தான் அமுக்குவேன்" என்று மகளிடம் கறாராகச் சொல்லிவிட்டு, முதல் படியில் காலை வைத்தார். "ஐயோ!" என்று கத்தினார். தயங்காமல், வாய் நிறைய, தெருவுக்கே கேட்கிற மாதிரி. இரண்டாவது படியிலும் கத்தினார். மூன்றாவது படியில் கத்தல் கொஞ்சம் குறைந்தது.

பட்டாசு கைப்பிடிச் சுவரில் வயிறு அழுந்த எட்டிப் பார்த்தாள். மாடிப்படிகளின் நடுவே கிணறு போல இறங்கிய இடைவெளியில், ஒவ்வொரு திருப்பத்திலும் அவர்கள் ஒரு கணம் தெரிந்து மறைந்தார்கள். முதலில் இரண்டு தலைகள் தெரிந்தன, அப்புறம் தலைகளும் தெரியாமல், அந்தப் பையனின் தோளைக் கெட்டியாகப் பிடித்திருந்த அப்பாவின் கை மட்டும் தெரிந்தது. மூன்றாம் மாடி. இரண்டு. அவளுடைய தொலைபேசி விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. மணி மூன்று நாற்பத்து நான்கு. கை இன்னும் கீழே போனது, சின்னதாகியது, தெருவெளிச்சம் விழுகிற இடத்துக்கு வந்ததும் தோளிலிருந்து எழுந்து காற்றில் ஒரு தடவை ஆடியது.

அப்புறம் கீழேயிருந்து, நான்கு மாடியும் அதிர, அந்தக் குரல் வந்தது.

"ஒண்ணு!"

"அப்பா!" என்று அவள் அலறினாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாகப் பீறிட்டு வந்தன. "ஒண்ணு போதும்ப்பா! மேல வாங்க, மணியாச்சு!"

 பிறகு அந்தக் கை மறுபடி ஒரு தோளைத் தேடிப் பிடித்தது, முதல் படி ஏறியது.